சும்மா விரல் வச்சவ

வேண்டாம்மா, கைய எடுங்க. இந்தப் பைய நானே மேல வச்சிக்கிடுதேன். கோவிச்சிக்கிடாதீக, நீங்க நல்ல மனசோடதான் கை குடுத்தீக. ஆனா நீங்க ஒரு ஓரத்தப் புடிச்சீகன்னு வைங்க, அதுல நான் தூக்குனது எவ்வளவு, நீங்க தூக்குனது எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பூராத்தையும் நானே தூக்குனதா நெனச்சிக்கிட்டு மதுரையில எறங்கிப் போயிருவேன். அந்தச் சோலியே நமக்கு வேண்டாம். இந்தா, வச்சாச்சு. கொஞ்சம் மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்ல. சித்த ஜன்னலோரமாத் தள்ளி உக்காருங்க.

நீங்களும் மதுரைக்குத்தானா? நல்லதாப் போச்சு. நான் கோவில்பட்டி. எம் மக வீட்டுக்குப் போறேன். ஏன் திடீர்னு போறேன்னு மட்டும் கேக்காதீக. கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன், அது வேற விசயம். மனசுல இத வச்சிக்கிட்டு மதுரை வரைக்கும் வாயப் பொத்திட்டு உக்கார என்னால ஆகாது.

எனக்குத் துரோகம் பண்ணிட்டாம்மா. கூடவே இருந்து பண்ணிட்டா. வேத்தாளு பண்ணுனா ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுத் தள்ளிரலாம். இது ஒரே வீட்டுக்குள்ள, ஒரே அடுப்புல ஆக்கித் தின்னவ.

யாருங்கீகளா? புஷ்பம். தங்கபுஷ்பம். எங்க கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. இருபத்திரெண்டு வருசமா என்னைய 'யக்கா யக்கா'ன்னு சுத்தி வந்தவ. ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. நானும் அவள ஒரு குறையும் வைக்காமத்தான் வச்சிருந்தேன். நம்பினேன், பாத்துக்கிடுங்க. அதான் நான் செஞ்ச ஒரே தப்பு.

எங்களுக்குக் கடலைமிட்டாய்க் கம்பெனி. முன்னால கடை, பின்னால பட்டறை, மேல வீடு. கடையில கல்லாவுல நான் உக்காருவேன். இந்தச் செல்வக்கனி இல்லேன்னா அந்தக் கம்பெனி ஒரு நாள் ஓடாதுன்னு ஊர்ல சொல்லுவாக, நானும் இல்லேன்னு சொல்ல மாட்டேன். புஷ்பத்துக்குப் பட்டறையில சின்னச் சின்ன வேலைதான். பாகு காய்ச்சுறது, தட்டு தூக்குறது, கடலை மூடைய இங்கிட்டுருந்து அங்கிட்டு நவத்துறது, அந்த மாதிரி.

வீட்டுலயும் விசேஷம்னா சமையல் நான்தான். செல்வக்கனி வச்ச குழம்புன்னா எங்க சொந்தத்துல அடிச்சிக்கிடுவாக. அவ சும்மா கூட நிப்பா. மசாலா அரைப்பா, வதக்குவா, கிண்டி விடுவா, உப்புப் பாப்பா. மத்தபடி குழம்பு நான் வச்சதுதான்.

இப்படிக் கல்லாவுலயே உக்காந்து உக்காந்து எனக்கு ஒடம்பு போட்டுப் போச்சு. எண்பத்தாறு கிலோ. இப்பப் பாத்தா நம்ப மாட்டீக. முட்டு வலி. சர்க்கரை எட்டிப் பாக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாக. அதுக்கெல்லாம்கூட நான் அசையல. எங்க நாத்தனா ஒருத்தி, சாத்தூர்க்காரி, ஒரு கல்யாணப் பந்தியில பிளாஸ்டிக் சேர ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு அடுக்கிப் போட்டா. 'மதினி, உங்களுக்கு ஒண்ணு தாங்காது, இதுல உக்காருங்க'ங்கா. பந்தியே சிரிக்குது. நானும் சிரிச்சிக்கிட்டே உக்காந்தேன். ஆனா அன்னைக்குத் தின்ன பாயாசம் எனக்குக் கசந்துச்சும்மா. மறுநாள் விடிஞ்சதும் மொத வேலையா ஜிம்முல போய்ச் சேந்தேன்.

பஜார்ல ஜவுளிக்கடைக்கு மாடியில, பொம்பளைகளுக்குன்னே நடத்துதாக. டிரெயினர் ஒரு தூத்துக்குடிப் பிள்ளை, பெனிட்டான்னு பேரு. நல்ல வாட்டசாட்டமா இருக்கும். என்னைய எடுத்த எடுப்புலயே 'ஆன்ட்டி'ன்னுச்சு. புஷ்பத்த மட்டும் 'அக்கா'ன்னுச்சு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

புஷ்பம் எங்க வந்தாங்கீகளா? நான்தான் கூட்டிட்டுப் போனேன். தனியாப் போகக் கூச்சமா இருந்துச்சு. 'ஏட்டி, சும்மா கூட வாட்டி'ன்னேன். 'பட்டறையில வேலை கெடக்கேக்கா'ன்னா. 'வேலை எங்க போயிரும், வந்து செய்யி'ன்னேன். வந்தா. அவளுக்கு எதுக்கு ஜிம்மு, சொல்லுங்க? காஞ்ச முருங்கைக்கா மாதிரி இருப்பா. எம் மக போட்டுக் கழிச்ச சுடிதார மாட்டிக்கிட்டு ஒரு மூலையில நிப்பா, என் தண்ணி பாட்டிலையும் துண்டையும் புடிச்சிக்கிட்டு.

பெனிட்டா மொத நாளே உக்கார வச்சு ஒரு பாடம் நடத்துச்சு. 'ஆன்ட்டி, வாயக் கட்டி நடந்தாலே வெயிட்டு கொறையும். ஆனா கொழுப்பு மட்டும் போகாது, கூடவே சதையும் கரைஞ்சு போயிரும். அப்புறம் ஒல்லியா இருப்பீக, ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாது. அதனால ஒடம்பக் கொறைக்கும்போதுதான் இரும்பத் தூக்கணும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அதுக்கு நல்லாச் சாப்பிடணும். முட்டை, மீனு, பயறு'ன்னுச்சு.

நான் கேட்டேன், 'ஏம்மா, வெயிட்டக் கொறைக்கணுமா, ஏத்தணுமா? ஒண்ணச் சொல்லு.' 'ரெண்டுந்தான் ஆன்ட்டி'ங்குது.

என்னத்த ரெண்டும். மெலியணும்னா வாயக் கட்டணும், இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பிள்ளை என்னடான்னா, அவிச்ச முட்டைய டப்பாவுல கொண்டாரச் சொல்லி, அது கண்ணு முன்னாலயே தின்னச் சொல்லுது. நான் என்ன செய்வேன் தெரியுமா? அது அங்கிட்டுத் திரும்புன நேரம் பாத்து முட்டையப் புஷ்பம் வாயில திணிச்சிருவேன். 'எனக்கு வேண்டாம்க்கா, உங்களுக்குத்தான சொன்னாக'ன்னு மொதல்ல முழிச்சா. 'தின்னுட்டி, எனக்காகத் தின்னு'ன்னேன். எனக்காகன்னு சொன்னா எதையும் செஞ்சிருவா. வீட்டுலயும் மீனு என் பங்கு அவ தட்டுக்குப் போயிரும், பயறு அவளுக்குப் போயிரும். எனக்கு வெள்ளரிக்காய், ரசத் தண்ணி, அவ்வளவுதான். மொத மாசத்துலயே ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. அதப் பாத்து எனக்கு வந்த சந்தோசம் இருக்கே!

இப்ப அந்தச் சப்போர்ட்டு விசயத்துக்கு வாரேன். அதான் முக்கியம், நல்லாக் கேட்டுக்கிடுங்க.

அங்க ஒரு பெஞ்சு இருக்கும். அதுல மல்லாந்து படுக்கணும். முகத்துக்கு மேல ஒரு நீட்டு இரும்புக் கம்பி, ரெண்டு பக்கமும் வட்ட வட்டமா பிளேட்டு மாட்டியிருக்கும். அத எடுத்து நெஞ்சு வரைக்கும் எறக்கி, திரும்ப மேல தள்ளணும். நடுவுல கை அசந்துச்சுன்னா கம்பி நெஞ்சு மேல உக்காந்துக்கிடும், எந்திரிக்க முடியாது. அதனால தலைமாட்டுல ஒரு ஆளு நிக்கணும். கம்பிக்கு அடியில கைய வச்சிக்கிட்டு, முடியாமப் போனா மட்டும் புடிக்கணும். அதுக்குப் பேருதான் சப்போர்ட்டு. பெனிட்டாவுக்கு ஆளு நெறைய, எல்லாரு தலைமாட்டுலயும் நிக்க முடியுமா? எனக்குப் புஷ்பம் நின்னா.

மொதத் தடவை பிளேட்டே மாட்டாத வெறுங்கம்பி நெஞ்சுல உக்காந்துக்கிடுச்சு. நான் அன்னைக்கு அழுதது வாஸ்தவம். வீட்டுக்கு வந்து ரெண்டு தட்ட வீசுனதும் வாஸ்தவம். எங்க வீட்டுக்காரவுக என்னன்னு கேட்டதுக்குச் சோறு போட மாட்டேன்னுட்டேன். புஷ்பம்தான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, பாவம். அன்னைக்குப் பாவம்னுதான் நெனச்சேன்.

மறுநாள் போய்ப் படுக்கேன். கம்பி என்னமா மேல போகுதுங்கீக! பஞ்சு மாதிரி! எனக்கே நம்பிக்கையில்ல. 'ஏட்டி, நீ புடிச்சியா?'ன்னு கேட்டேன். 'இல்லக்கா, நீங்கதான் தூக்குனீக. நான் சும்மா விரல வச்சேன்'னா.

அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் அதே பதிலுதான். பிளேட்டு ஏத்த ஏத்தக் கேப்பேன். 'சும்மா விரல வச்சேன்க்கா.' அஞ்சு கிலோ ஏத்துனாலும் விரலு, பத்து கிலோ ஏத்துனாலும் விரலு. படுத்துக்கிட்டு இருக்கிறவளுக்கு மேல இருக்கிறவ கை எப்படித் தெரியும்? நான் கண்ண வேற இறுக்கி மூடிக்கிடுவேன்.

ஒரு விசயம் மட்டும் எனக்கு விளங்காம இருந்துச்சு. தூக்குறவ நானு, வேர்க்கிறது அவளுக்கு. நெத்தியிலருந்து சொட்டுச் சொட்டா எம் மூஞ்சியில விழும். 'என்னட்டி, நிக்கதுக்கே இப்படி வேர்க்குது? ஒடம்புல சத்தே இல்லியா?'ன்னு ஏசுவேன். ஃபேனு சரியில்லன்னு ஜிம்முக்காரக கிட்டச் சண்டைகூடப் போட்டேன். பெனிட்டா ஒரு நாள் தாண்டிப் போகும்போது, 'புஷ்பம்க்கா, விரல மட்டும் வையுங்க. நீங்க பாகுச் சட்டி எறக்குற மாதிரி எறக்காதீக'ன்னுச்சு. அவ என்னமோ நடுவுல வந்து எனக்கு எடஞ்சல் பண்ணுதா போலன்னு நெனச்சிக்கிட்டு நானும் சேந்து அதட்டுனேன்.

மாசம் போகப் போக நான் எறங்கிக்கிட்டே வாரேன், கம்பி ஏறிக்கிட்டே போகுது. எம்பது, எழுபத்தஞ்சு, எழுபதுக்கே வந்துட்டேன். கம்பியில நாப்பத்தஞ்சு கிலோ. முட்டையும் திங்கல, மீனும் திங்கல, பலம் ஏறிக்கிட்டே போகுது! நான் ஒரு புது வழியே கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சேன். கடைக்கு வார பொம்பளைககிட்டயெல்லாம் சொன்னேன். 'இந்த டிரெயினர் பிள்ளைக சொல்லுறத நம்பாதீக. சாப்பிடாதீக, தூக்குங்க, எல்லாம் தன்னால வரும்'னேன். ரெண்டு மூணு பேரு நான் சொன்னபடி கெடந்து மயங்கி விழுந்தாக. அவுக ஒடம்புவாகு அப்படி, அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

நடுவுல எனக்கும் படியேறும்போது காலு நடுங்கும். ஊறுகாப் பாட்டில் மூடி திறக்க வராது. புஷ்பத்தக் கூப்பிடுவேன், ஒரே திருகுல திறந்து குடுத்துருவா. பாட்டில்லதான் கோளாறுன்னு நெனச்சேன்.

இப்படி இருக்கையில ஜிம்முக்கு ஆண்டு விழா வந்துச்சு. கல்யாண மண்டபத்துல போட்டி வைக்கோம், பொம்பளைக எல்லாரும் வெயிட்டுத் தூக்கலாம், சொந்தக்காரகளக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாக. நான்தான் மொதப் பேரு குடுத்தேன். பெனிட்டா, 'ஆன்ட்டி, ஒரு தடவை சப்போர்ட்டு இல்லாமத் தூக்கிப் பாத்துட்டு வாங்களேன்'னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! 'ஏன், என் மேல நம்பிக்கையில்லியா? சாப்பிடாமலே தூக்குதேன்னு எரிச்சலா?'ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை அடுத்த ஆளப் பாக்கப் போயிருச்சு.

தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாமச் சொன்னேன். எம் மக, மருமகப்பிள்ளை, சம்பந்தி வீட்டு ஆளுக, எல்லாரும் மதுரையிலருந்து வந்தாக. சாத்தூர் நாத்தனாளுக்கு ரெண்டு தடவை போன் போட்டு வரவழைச்சேன். எனக்குச் சேர அடுக்கிப் போட்டவ, மொத வரிசையில உக்காந்து பாக்கட்டும். அதுக்குத்தானம்மா அத்தனை மாசம் பட்டினி கெடந்தேன்!

மேடையில எம் பேரக் கூப்பிட்டாக. நான் போறேன், புஷ்பமும் வழக்கம்போல தலைமாட்டுக்கு வாரா. போட்டி நடத்துறவரு, 'யம்மா, நீங்க எறங்கிக்கிடுங்க. இங்க டிரெயினர் மட்டும்தான் நிப்பாக, அவுகளும் கம்பியத் தொட மாட்டாக'ன்னாரு. புஷ்பம் மூஞ்சியப் பாக்கணுமே, ரத்தமே இல்ல. எங்கிட்ட வந்து காதுல, 'யக்கா, இன்னைக்கு வேண்டாம்க்கா. வயித்து வலின்னு சொல்லிருங்க. நான் சொல்லுறேன், கேளுங்கக்கா'ங்கா. எனக்கு எப்படி இருக்கும்? நாலு பேரு முன்னால நான் செயிக்கப் போறேன், அது இவளுக்குப் பொறுக்கலன்னு நெனச்சேன். 'எறங்குட்டி கீழ'ன்னேன்.

படுத்தேன். கம்பிய எடுத்துக் கையில குடுத்தாக.

என்னத்தச் சொல்ல. அது என் கம்பியே இல்லம்மா. வானம் எறங்கி வந்த மாதிரி வந்துச்சு. நெஞ்சுல வந்து உக்காந்துச்சு. நான் தள்ளுதேன், தள்ளுதேன், அது அசையவே மாட்டேங்குது. ஆளுக ஓடி வந்து தூக்கி விட்டாக. நான் எந்திரிச்சு, 'பிளேட்ட மாத்திட்டாக! யாரோ சதி பண்ணிட்டாக!'ன்னு கத்துனேன். பாவம், அந்த மனுசன் ஒவ்வொரு பிளேட்டா எடுத்துக் காட்டுனாரு. சரியாத்தான் இருந்துச்சு. கொறைச்சுப் பாப்போம்னாரு. முப்பதுக்கும் வரல. கடைசியில வெறுங்கம்பி. அது பாதி வரைக்கும் வந்து, கெடந்து ஆடுச்சு பாருங்க.

எங்க வீட்டுக்காரவுக தரையப் பாத்துக்கிட்டு இருக்காக. பெனிட்டா என் பக்கத்துல குனிஞ்சு, மெதுவாத்தான் சொல்லுச்சு. 'ஆன்ட்டி, மனசு விடாதீக. இத்தனை நாளாத் தூக்குனது புஷ்பம்க்கா. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்.'

எனக்குத் தெரியுமாம்!

அதுக்குள்ள புஷ்பம் மேடைக்கே ஓடி வந்துட்டா. 'இல்ல, அக்காதான் தூக்குவாக! தெனமும் தூக்குவாக! நான் சும்மா விரலத்தான் வச்சேன்!'னு கத்துதா. மைக்கு பக்கத்துலயே இருந்துச்சு. மண்டபம் பூராவும் கேட்டுச்சு. அப்பச் சிரிச்சாக பாருங்க ஒரு சிரிப்பு. சாத்தூர்க்காரி சேரப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கா.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. 'ஏட்டி, நீதான் தூக்குனியாம்ல? எங்க தூக்கு! இந்தா கெடக்குல்ல, தூக்கிக் காட்டுட்டி பாப்போம்!'னேன். கோவத்துல ஒரு பேச்சு சொல்லுறதுதான், என்ன? சொன்னவுடனே செஞ்சிரதா?

செஞ்சா. நான் சொன்னா செய்யாம இருந்து பழக்கமில்ல அவளுக்கு. எங்கிட்டத்தான், 'தரையிலருந்து தூக்கவாக்கா?'ன்னு கேட்டா. துப்பட்டாவ இடுப்புல சுத்திக் கட்டுனா. குனிஞ்சா. நாப்பத்தஞ்சு கிலோவக் கொடம் தூக்குற மாதிரி தூக்கி நிமுந்துட்டா. பெனிட்டா ரெண்டு பிளேட்டு சேத்துச்சு. தூக்குனா. இன்னும் சேத்துச்சு. தூக்குனா. எழுபது கிலோம்மா. என் ஒடம்பு எடை! என்னையவே தூக்குன மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கா. மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுது. எம் மக, நான் பெத்த மக, விசிலடிக்கா.

அப்ப அவ சிரிச்சா. அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்ல. ஒரே வீட்டுல இருந்திருக்கேன், அவ கல்யாணத்துலகூட அவ அப்படிச் சிரிக்கல. பல்லு பூராத் தெரிய, கண்ணுல தண்ணியோட. அதத்தான் என்னால தாங்க முடியல. தோத்தத மறந்துருவேன், சாத்தூர்க்காரியக்கூட மறந்துருவேன். அந்தச் சிரிப்ப மட்டும் மறக்க மாட்டேன்.

மொதப் பரிசு குக்கரு. பேரு குடுக்காத அவளுக்கே குடுத்தாக. அத வாங்கி நேரா எங்கிட்டக் கொண்டாந்து, 'இந்தாங்கக்கா'ன்னு நீட்டுதா. எங்க கொண்டாந்து நீட்டுதா, பாத்தீகளா? நான் வாங்கல.

நல்லா யோசிச்சுப் பாருங்க. யாரு முட்டை? என் முட்டை. யாரு மீனு? என் மீனு. கம்பியில மாட்டுனது யாருக்குன்னு மாட்டுன வெயிட்டு? எனக்கு. என் முட்டையத் தின்னு, என் வெயிட்டத் தூக்கி, எந் தலைமாட்டுல நின்னுக்கிட்டே அவ ஒடம்ப ஏத்திக்கிட்டா! நான் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்திருக்கேன். இது களவு இல்லாம வேற என்ன?

வீட்டுக்கு வந்ததும் நிக்க வச்சுக் கேட்டேன். 'எனக்குப் பலம் போய்க்கிட்டு இருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?' 'தெரியும்க்கா'ன்னா. 'தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஒரே ஒரு நாள் கைய எடுத்திருந்தா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குமேட்டி!'ன்னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? 'எப்படிக்கா கைய எடுக்க? எடுத்தா உங்க மேல விழுமே'ங்கா.

எப்படிப் பதிலு பாத்தீகளா? வாய அடைக்கிற பதிலு. இத்தனை வருசம் வாயத் தொறக்காதவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருது?

சரி, நான் பெரிய மனசு பண்ணுனேன். 'போனது போகட்டும். இனிமே நீ ஜிம்மு பக்கம் போகக்கூடாது. நானும் போகல. முடிஞ்சு போச்சு'ன்னேன். வழக்கமா என்ன சொல்லுவா? 'சரிக்கா'ம்பா. வாசப்படி வரைக்கும் போனவ திரும்பி நின்னா. அப்புறம், 'நான் போவேன்க்கா'ன்னா.

சத்தமாக்கூடச் சொல்லல. நான் சரியாக் கேட்டேனான்னு எனக்கே சந்தேகம். 'என்ன சொன்ன?'ன்னு திரும்பக் கேட்டேன். 'நான் போவேன்க்கா. சேலத்துல போட்டி இருக்காம், பெனிட்டா கூட்டிட்டுப் போறாளாம். எனக்குப் போகணும்'னா. எனக்குங்கா! 'எனக்கு'ங்கிற வார்த்தை அவ வாயிலருந்து வந்து அன்னைக்குத்தான் கேட்டேன்.

அன்னைக்கே அடுப்பத் தனியாப் பிரிச்சிட்டேன். அவ கீழ பட்டறைக்குப் பின்னால ஆக்குதா, நான் மேல ஆக்குதேன். எங்க வீட்டுக்காரவுக மொத நாளு என் குழம்ப ஊத்திச் சாப்பிட்டுட்டு என்னையவே பாத்தாக. 'என்ன?'ன்னேன். 'ஒண்ணுமில்ல, தண்ணி சாஸ்தியோ?'ன்னாக. இப்ப வார மசாலா சரியில்லம்மா, அதான். இந்த மனுசன் கிண்ணத்த எடுத்துக்கிட்டுக் கீழ போயிருதாக, கணக்குப் பாக்கப் போறேன்னு. கணக்குப் பாக்கக் கிண்ணம் எதுக்கு?

பட்டறைய விட்டுட்டு அவ இப்ப ரெண்டு வேளை ஜிம்முக்குப் போயிருதா. மூடை கெடந்த எடத்துலயே கெடக்கு. நவத்த ரெண்டு ஆம்பளையாளு போட்டிருக்கோம். அவனுகளும் தெனம் இடுப்ப வலிக்குதுங்கானுக. இந்தக் காலத்து ஆளுகளுக்கு எங்க பலம் இருக்கு?

எனக்கு ரோசம் போகல பாத்துக்கிடுங்க. எனக்கும் கை இருக்குல்ல? யாரும் தொடாம நானே ஏத்திக் காட்டுதேன்னு நேத்து காலையில திரும்பப் போனேன். அவ வார நேரம் வேற, நான் போன நேரம் வேற, பாத்துத்தான் போனேன். இப்ப முட்டையெல்லாம் திங்கேன், பெனிட்டா சொன்ன கணக்குப்படி. வெறுங்கம்பிதான். பெனிட்டா, 'இருங்க ஆன்ட்டி, இந்த அம்மாவ முடிச்சிட்டு வந்து நிக்கேன்'னுச்சு. 'ஒருத்தரும் நிக்க வேண்டாம்'னுட்டேன்.

மூணு தடவை தூக்கிட்டேன். பொய் சொல்லல, முழுசா நானே தூக்குனது. ஒரு விரலு இல்ல. நாலாவது தடவை எறக்குனேன், கையி விட்டுருச்சு. கம்பி வந்து நெஞ்சு மேல உக்காந்துக்கிடுச்சு. மூச்சு விட முடியல. அந்தப் பக்கம் பாட்டு அலறுது, எவளும் திரும்பல. நான் உயிரு போற மாதிரி கத்துனேன்.

என்ன கத்துனேன் தெரியுமாம்மா? வலி வந்தா மனுசங்க 'அம்மா'ன்னு கத்துவாக, 'முருகா'ன்னு கத்துவாக. நான் 'புஷ்பம்'னு கத்திட்டேன். ஜிம்மு பூராவும் கேக்க, 'ஏட்டி புஷ்பம், புஷ்பம்'னு.

பெனிட்டா ஓடி வந்து கம்பியத் தூக்குச்சு. தண்ணி குடுத்து உக்கார வச்சு, 'புஷ்பம்க்காவுக்கு போன் போடவா ஆன்ட்டி?'ன்னு கேட்டுச்சு. 'போடாத'ன்னுட்டேன். போனை அது கையிலருந்தே புடுங்கிட்டேன். எப்படியும் ஜிம்முல அவ காதுக்குப் போயிரும், அதான் இன்னைக்கு எம் மக வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

போன் போட்டா வந்துருவாம்மா. பாகு அடுப்புல இருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்து எந் தலைமாட்டுல நிப்பா. நான் ஏசுன ஏச்செல்லாம் மறந்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி 'யக்கா'ம்பா. வந்து நின்னுட்டான்னா நான் அவ மூஞ்சிய எப்படிம்மா பாப்பேன்?